ஜெனிஃபருக்குப் பதில் வந்த அப்பா

போன செவ்வாய்க்கிழமை, ஒரு கல்லூரியின் துறைத் தலைவியிடமிருந்து போன். “உங்க பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தர் முதல் பெஞ்சில உட்கார்ந்திருக்காரு. கொஞ்சம் வர முடியுமா?”

அந்த ஒருவர் சவரிமுத்து. வடக்குத்து என்ற ஊர்க்காரர், நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவர் மகள் ஜெனிஃபர் அங்கே பி.காம். முதலாண்டு. அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள்.

புதிதாகக் கல்லூரியில் சேர்கிறவர்களுக்கு வழிகாட்டுவது என் வழக்கம்; சேர்ந்த புதிதில் அப்பாவுக்கும் மகளுக்கும் கல்லூரிச் சொற்களை விளக்கியவன் நான்தான். செமஸ்டர் என்றால் அரையாண்டு. இன்டர்னல் என்றால் பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன்பே கல்லூரி தன் கையால் போடும் மதிப்பெண். கிரெடிட் என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை. அட்டெண்டன்ஸ்? குறைந்தால் தேர்வெழுத விட மாட்டார்கள். இதைச் சற்று மிரட்டலாகவே சொல்லிவைத்தேன்.

ஜெனிஃபருக்கு அம்மை போட்டுவிட்டது. அட்டெண்டன்ஸோ ஏற்கெனவே விளிம்பில். அப்பா என்ன செய்வார்? அவருடைய வேலையிடத்தில் நடக்கிற வழக்கப்படி செய்தார். அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், தம்பியோ மச்சானோ அந்த ஷிஃப்டுக்குப் போய் நிற்பார். மேஸ்திரிக்கு வேண்டியது ஆள். யார் என்பது இரண்டாம்பட்சம்.

“ஜெனிஃபர்!” பேராசிரியர் தலை நிமிராமல் அழைத்திருக்கிறார்.

“வந்துட்டேங்க சார்!”

இயந்திர இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல். வகுப்பே அதிர்ந்து சிரித்திருக்கிறது.

நான் போனபோது, சவரிமுத்து துறைத் தலைவியின் எதிரே சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க சவரிமுத்து, இது என்ன வேலை?” என்றார் துறைத் தலைவி.

“அவ அம்ம போட்டு வூட்ல படுத்துக்கினு இருக்கறாம்மா. ஆளு இல்லன்னா பரிட்ச எழுத வுடமாட்டாங்கன்னு சார்தான் சொன்னாரு.”

“அண்ணே, நீங்க போய் உட்காருங்கன்னா சொன்னேன்?” என்றேன் நான்.

“போவக்கூடாதுன்னும் சொல்லலியே சார்! நைட் ஷிஃப்ட் முடிச்சிக்கினு நேரா வர்றேன்.”

“கிளாஸ்ல தூங்கிட்டீங்களா?” துறைத் தலைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பசங்கதாம்மா தூங்குனாங்க. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்.”

பிறகு அவர் குரல் இறங்கியது. “எம் பொண்ணு பரிட்ச எழுதுவாளா மாட்டாளா... அத மட்டும் சொல்லுங்கம்மா.”

துறைத் தலைவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“எழுதுவா. கான்டொனேஷன்னு ஒண்ணு இருக்குங்க. உடம்பு சரியில்லாம வரலைன்னா, டாக்டர் சர்டிபிகேட்டோட விண்ணப்பம் குடுத்து அனுமதி கேட்கலாம். கொண்டாங்க, நானே சிபாரிசு பண்றேன்.”

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு சொல்லை நான் சொல்லவே இல்லை! தண்டனையை விளக்கும்போது நமக்கு எவ்வளவு தெளிவாகப் பேச்சு வருகிறது! அதே விதிக்குள் இருக்கும் கருணையை ஏன் சொல்லாமல் விடுகிறோம்? விவரம் தெரிந்த வீடுகளுக்கு அது எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். சவரிமுத்துவின் வீட்டுக்கு யார் கொண்டுபோவது? புது மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறவர்கள் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

வெளியே வந்ததும் சவரிமுத்து கேட்டார்: “சார், நான் ஒக்காந்தது அவ கணக்குல சேருமா?”

“சேராதுண்ணே.”

“அப்ப மத்தியான கிளாசுக்கு நான் போவ வேணாமில்ல?”

பதிலுக்குக்கூடக் காத்திராமல் கேட்டை நோக்கி நடந்தார் — அந்த நடையில்தான் எத்தனை உற்சாகம்!

‘கட் அடிப்பது’ என்ற சொல்லை மட்டும் நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.