மாங்காநாறி நிற்கும் இடம்

ஐப்பசி மழையில் எந்த மரத்தில் மாங்காய் காய்க்கிறது? ஆனாலும் எங்கள் கடை மீன்கறியில் பச்சை மாங்காய் மணக்கும். திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு இலை முன்னால் உட்காருகிறவர்கள், "இப்போ மாங்கா எங்கேருந்து வருது?" என்று கேட்பார்கள். நான் முதலாளி அல்லவா, மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பேன். உண்மையில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சமையல் முழுக்க, கடையில் வேலைக்கு நிற்கும் அக்காவின் கை. காலையில் கடைக்குப் பின்னாலுள்ள ஓடையில் இறங்கி, சேற்றில் நின்ற ஏதோ பூண்டைப் பறித்து மடியில் கட்டி வருவார். அதன் பெயர் மாங்காநாறி, கசக்கினால் மாங்காய் வாசம் வரும் என்பதெல்லாம் பிறகு நான் பட்டுப் படித்த பாடம்.

மகளின் பேறுகாலத்துக்காக அக்கா கருங்கல் ஊருக்குப் போன வாரத்தில் அந்தக் கூத்து நடந்தது. நான் அருமனைப் பக்கம் ரப்பர் விளையில் வளர்ந்தவன். எங்களுக்கு ரப்பரைத் தவிரத் தரையில் எது பச்சையாக நின்றாலும் களைதான். சீசன் கூட்டம் வருகிறதே, இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று மருந்தடிக்கும் மிஷினைத் தோளில் மாட்டி, ஓடைக்கரை முழுக்கக் களைக்கொல்லி அடித்தேன். திரும்பி வந்த அக்கா கருகிக் கிடந்த ஓடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"புல்லுதானே அக்கா" என்றேன்.

"புல்லா? ஆறு வருசமா நீ விக்கது அதத்தானே மக்கா!"

அன்று மாங்காநாறிக்குப் பதிலாகக் குடம்புளி போட்டுக் கறி வைத்தார். தினமும் வரும் ஜீப் டிரைவர் ஒரு வாய் வைத்ததும், "என்னடே, அக்கா வேலைய விட்டாச்சா?" என்று உரக்கக் கேட்டார். அக்கா அடுப்படியில்தான் நின்றார். முகம் செத்துப்போயிற்று. அவர் சம்பாதித்திருந்த பெயரெல்லாம் அந்தக் கறிதான். அதை நான் ஒரே பொழுதில் கெடுத்துவிட்டேன். "இனி மீன்கறி வைக்க மாட்டேன்" என்று அகப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். எனக்கு அழுகையே வந்தது. கடைப் பலகையிலிருந்து மீன்கறியை என் கையாலேயே அழித்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கடை முழுக்க அந்த வாசம். ஓடிப்போய், "எங்கக்கா கிடச்சுது?" என்றேன். "எல போடு, ஆளு நிக்குது" என்றார். அவ்வளவுதான்.

இன்றும் எங்கள் மீன்கறியை அடித்துக்கொள்ள ஆளில்லை, மார்தட்டியே சொல்வேன். ஆனால் அந்தப் பூண்டு எந்த ஓடையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. போன வாரம் மிஷினை விற்றுவிட்டு வந்து பெருமையாக அக்காவிடம் சொன்னேன். இனியாவது இடத்தைச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். மீனைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா சிரித்தார்.

"மிஷினத்தானே வித்த? கைய விக்கலியே மக்கா."