தறி தின்ற காதும் ஓட்டல் சாப்பாடும்

விசைத்தறி மெக்கானிக் வேலையில் கைகால் பத்திரமாக இருக்கும். காதுதான் மெல்ல மெல்லப் போகும். சங்கரன்கோவிலில் தறிக்கூடம் தறிக்கூடமாக அலைகிறவனுக்கு வெளிச்சாப்பாடுதான் என்பதால், என் காதின் லட்சணம் வீட்டுக்கு முன்னால் ஓட்டல்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் போல, “என்ன, என்ன” என்று கேட்கக் கூச்சப்பட்டே அரைவயிறாக எழுந்து வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மூன்று தோசை

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் சப்ளையர் ஒரே மூச்சில் இருப்பதையெல்லாம் ஒப்பித்தார். கடைசியில் வந்த ‘தோசை’ மட்டும் கேட்டது. தலையாட்டினேன். அவர் இன்னும் என்னவோ கேட்டார். அதற்கும் ஆட்டினேன். நெய் ரோஸ்ட் வந்தது, ஆனியன் தோசை வந்தது, பின்னாலேயே பொடி தோசையும் வந்தது. “எதுக்குப்பா இத்தனை?” என்றேன். அவர் என் காதருகே குனிந்து நிதானமாகச் சொன்னார்: “அண்ணாச்சி, நீங்க தலையாட்டின கணக்குக்கு இன்னும் ரெண்டு உள்ள வெந்துக்கிட்டு கெடக்கு.”

புரோட்டாக் கல்

மகள் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் சுப்பையாவோடு புரோட்டாக் கடைக்குப் போனேன். மிஷினுக்கு மனுஷப் பேச்சும் கொத்துப் புரோட்டாவும் ஒன்றுதான். எல்லாவற்றையும் பெரிதாக்கித் தரும். மாஸ்டர் கல்லில் தட்ட ஆரம்பித்ததும் மண்டைக்குள் தறி ஓடியது. மிஷினைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

அதைப் பார்த்த மாஸ்டர் மூலை மேஜையைக் கைகாட்டினார். அங்கே சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து மிஷினைத் திரும்ப மாட்டினேன். இரைச்சல் பாதி அடங்கியது. லைட் வெளிச்சம் சுப்பையா முகத்தில் விழுந்ததால் உதட்டைப் பார்த்தும் பேச்சு புரிந்தது. மறுநாள் பழைய ஞாபகத்தில் கல்லுப் பக்கமே போனேன். மாஸ்டர் சொன்னார்: “அங்கன மூலையில போயி உக்காருங்க அண்ணாச்சி. புரோட்டா அங்க நடந்து வரும், உங்க காது திரும்பி வராது.”

கைப்பேச்சு

தறிச் சத்தத்தில் கத்திப் பலனில்லை என்பதால் எங்களுக்குக் கைச்சாடை பழக்கம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு மெஸ்ஸில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்க, நானும் சுப்பையாவும் ரசம் ஆறிப்போன விஷயம் வரைக்கும் சத்தமில்லாமல் பேசி முடித்தோம். எதிரே கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர், பக்கத்தில் மனைவி பேசிக்கொண்டே இருக்க, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்போது மெதுவாகக் கேட்டார்: “இதை எங்கன சொல்லித் தாராவ? எனக்குக் காது நல்லாக் கேக்கு, அதுதான் பெரும்பாடா இருக்கு.”

சம்பந்தம் பேசிய மேஜை

மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முதல் சந்திப்பு ஓட்டல் ஏ.சி. ஹாலில். காது விஷயம் தெரிந்தால் தட்டிப்போகுமோ என்று பயந்து மிஷினை மாட்டாமல் போனேன். மேஜையின் அந்தக் கோடியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஏதோ கேட்டார். சிரித்தபடி தலையாட்டினேன். மகள் முகம் வாடிவிட்டது. என் பக்கம் குனிந்து சொன்னாள்: “அப்பா, கல்யாணத்துக்கப்புறம் நான் வேலையை விட்டுருவேனான்னு கேக்காங்க. நீங்க சரிங்கீங்க.”

ஏ.சி.யிலும் எனக்கு வேர்த்தது. அவள் எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய வேலை அது. “மன்னிக்கணும். எனக்குக் காது கேக்காது, தறியில போயிட்டு. என்ன கேட்டீங்கன்னு தெரியாமத் தலையாட்டிட்டேன். மக வேலையை விடமாட்டா” என்றேன்.

மாப்பிள்ளைதான் முதலில் அம்மா பக்கம் திரும்பி, “நானும் விடச் சொல்லலையேம்மா” என்றார். அந்த அம்மா எழுந்தார். கிளம்புகிறார் என்றே நினைத்தேன். அவர் சுற்றி வந்து எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “முதல்லயே சொல்லியிருந்தா அம்புட்டுத் தூரத்துல இருந்து பேசியிருப்பேனா? என் முகத்தப் பாருங்க, மறுபடியும் முதல்ல இருந்து பேசுவோம்.”

கல்யாணம் முடிந்து மகளும் வேலைக்குப் போகிறாள். நானோ இப்போதெல்லாம் எந்த ஓட்டலிலும் கை கழுவும் முன்பே “எனக்குக் கேக்காது” என்று சொல்லிவிடுவதால், சாம்பாரில் உப்பு குறைவதைத் தவிர வேறு கவலையில்லை.