வெளியிலிருந்தும் திறக்கும் தாழ்ப்பாள்

என் மகளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது கடலூர் பஸ் ஸ்டாண்டில். அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். யார் யாரோ ஓடி வந்து அவள் கையில் சாவியைத் திணித்தார்கள். இரும்பு பட்டால் நின்றுவிடுமாம். பைக் சாவி, கடைச் சாவி, ஒரு அம்மா தன் பீரோச் சாவியைக்கூட இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் யாரு சாவிம்மா?" சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன், இனி இந்த விஷயம் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது என்று.

அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போதே அவள் அப்பா தவறிவிட்டார். திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு, நானும் அவளும்தான். பண்ருட்டியில் நாத்தனார் இருக்கிறாள், அவருடைய தங்கை. அவளிடம் சொல்லவில்லை. முக்கியமாக அவளிடம்தான் சொல்லவில்லை. புகுந்த வீட்டுப் பக்கம் ஒரு பேச்சுக் கிளம்பினால் பெண்ணுக்கு வரன் பார்க்கும் நாள் வரைக்கும் அது துரத்தும். சேத்தியாத்தோப்பில் அலுமினியக் கதவுப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பிக்கு மட்டும் தெரியும். காதும் காதும் வைத்தாற்போலப் புதுச்சேரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

பாத்ரூமில் உள்தாழ்ப்பாள் இருக்கக் கூடாது என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கழற்றிப் போட்டேன். அதன் பிறகு அவள் குளிக்கும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் "இருக்கியா?" என்பேன். "இருக்கேன்" என்பாள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள், பிறகு சலித்துக்கொண்டு, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு.

சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் வருஷம் வந்தபோது ஒரு நாள், "பத்தொம்பது வயசு ஆவுது எனக்கு. தாழ்ப்பா போடாம இனிமே குளிக்க மாட்டேன்" என்றாள். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். "நாறிக்கினு கெட" என்றேன். இரண்டு நாள் நிஜமாகவே குளிக்காமல் காலேஜுக்குப் போனாள். மூன்றாம் நாள் தம்பிக்குப் போன் போட்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாழ்ப்பாளை உட்கார்ந்து யோசித்தோம், மூன்று பேரும். அவள் படம் போடுவாள், தம்பி அதைப் பார்த்து இது நிற்கும், இது நிற்காது என்பான், நான் எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்பேன். வெளிப்பக்கம் ஒரு பள்ளம் விட்டு, அதில் காசை வைத்துத் திருப்பினால் உள்தாழ்ப்பாள் விலகுகிற மாதிரி செய்யலாம், கடையிலேயே அப்படிக் கிடைக்கிறது என்றான் தம்பி. "அப்ப யார் வேணா காசு வெச்சி தெறந்துடலாமே மாமா" என்றாள். யோசித்து அவளே வழியும் கண்டுபிடித்தாள். பள்ளத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு சைக்கிள் பெல் அடிக்க வேண்டும். யாரும் திறக்கலாம், ஆனால் சத்தமில்லாமல் யாராலும் திறக்க முடியாது. தம்பி அவள் தலையில் தட்டி, "எங்கிட்ட வேலைக்கு வந்துடு" என்றான்.

கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்றான். உள்ளே விழுந்து கிடந்தால் கதவு அவள் மேல் இடிக்காது. நல்ல யோசனை என்று மூன்று பேருமே ஒத்துக்கொண்டோம். மூன்று பேரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

சண்டை வந்தது பள்ளத்துக்கு மேல் என்ன எழுதுவது என்பதில். சிவப்பு பெயின்ட்டில் ஒரு அம்புக்குறி போட்டு, 'அவசரத்துக்கு இங்கே திருப்பவும்' என்று எழுத வேண்டும் என்றாள்.

"எழுதினா வர்றவங்க என்ன அவசரம்னு கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

"கேட்டா சொல்லு. எனக்கு ஃபிட்ஸ் வரும்னு சொல்லு. கொலையா பண்ணிட்டோம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எங்க கம்ப்யூட்டர் மேடம் கிளாஸ்ல சொன்னாங்கம்மா. எப்பிடி வேலை செய்யுதுன்னு ஊருக்கே தெரிஞ்சாலும் பூட்டு பூட்டாவே இருக்கணும். மறைச்சி வெச்சாதான் பத்திரம்னா அது பூட்டே இல்ல."

"அது சொல்றது சரிதாங்க்கா" என்றான் தம்பி. நீ கதவு செய்ய வந்தாயா, எனக்குப் புத்தி சொல்ல வந்தாயா என்று அவனை ஒரு பிடி பிடித்தேன். கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. பள்ளத்தின் மேல் டவல் மாட்டுகிற கொக்கி ஒன்றைப் பொருத்தினான். கொக்கியை மேலே தள்ளினால்தான் பள்ளம் தெரியும். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது என்று என் தலை மேல் அவள் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சத்தியம் செய்தாள்.

தாழ்ப்பாள் மாட்டிய அன்று ஒரு மணி நேரம் உள்ளே இருந்தாள். பாட்டுச் சத்தம் கேட்டது. தண்ணீரெல்லாம் தீர்ந்துவிடும் என்று கத்தினேன். "தீரட்டும்" என்றாள் உள்ளேயிருந்து. அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அதற்கு முன் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

போன ஆவணியில் ஆபீஸ் தோழி வீட்டுக் கல்யாணம், சிதம்பரத்தில். மகளைத் தனியே விட மனசில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டு, காஸ் சிலிண்டர் வருகிறது, இவளுக்கு வாங்கிப் போடத் தெரியாது, ஒரு நாள் வந்து இரு என்று பொய் சொன்னேன். விடிந்ததும் பண்ருட்டியில் பஸ் ஏறி வந்துவிட்டாள். மகள் பாத்ரூமில் விழுந்தபோது எனக்கு எதிரே தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். கெட்டிமேளம். போன் கைப்பைக்குள் இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது பதினொரு மிஸ்டு கால்.

விழுந்த சத்தம் கேட்டு நாத்தனார் கதவை இடித்திருக்கிறாள். எதிர்வீட்டு ஆண்கள் வந்து தோளால் இடித்திருக்கிறார்கள். வெளியே திறக்கிற கதவு அது, இடிக்க இடிக்க நிலையில் இன்னும் இறுகிக்கொண்டதே தவிர அசையவில்லை. கடப்பாரை தேடி ஒருவர் ஓடியிருக்கிறார். தம்பி பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவனுக்கும் போன் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து அவன் எடுத்து, "டவல் கொக்கிய மேல தள்ளுங்க" என்று சொன்ன பிறகு ஒரு ரூபாய்க் காசில் கதவு திறந்தது. பெல் அடித்தது. தரையில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்த அகலமான பிளாஸ்டிக் பேசினில் முகம் கவிழ்ந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனார்கள், அவ்வளவுதான்.

காரியம் முடிந்த அன்று கல்லூரிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவளுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் வருஷமே வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாளாம். வாயில் எதுவும் வைக்காதீர்கள், கையில் சாவி கொடுக்காதீர்கள் என்று நடித்துக் காட்டினாளாம். நான் பொத்திப் பொத்தி வைத்தது சிதம்பரத்தில் ஒரு வகுப்புக்கே தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்கள் போன பிறகு நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியும் அண்ணி" என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு வந்திருந்தீங்கல்ல, நீங்க கடைக்குப் போயிருந்தப்ப எங்க வூட்ல வெச்சி வந்துச்சி. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சேன். எழுந்ததும், 'அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அத்தை, பாவம், பயந்துக்கினே இருக்காங்க'ன்னா. நீங்களா சொல்றப்ப சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன். சிலிண்டர்னு கூப்ட்டப்பகூட எதுக்குன்னு தெரிஞ்சிதான் வந்தேன். உள்ள என்ன ஆவுதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. என்ன பண்ணணும்னும் தெரியும். கதவ எப்பிடி தெறக்கறதுன்னுதான் தெரியாம போச்சு."

அவள் இன்னமும் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறாள். ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டே இதைத்தான் சொல்கிறாள். "கண்ணு எதிர்லயே இருந்த கொக்கிதானே அண்ணி. நான்தான் தொட்டுப் பாக்காம வுட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

உன் மேல் என்னம்மா தப்பு என்று அவள் முதுகைத் தடவிக் கொடுக்கிறேன். சிவப்பு பெயின்ட்டில் எழுதி வைக்கலாம் என்று என் மகள் கேட்டதையும், வேண்டாம் என்று நான் தடுத்ததையும் இன்று வரை அவளிடம் சொல்லவில்லை.