ஓவசியர் தின்ற சேவல்கள்

பசறைச் சந்தையில் கோழி விற்ற பரிமளத்தை அந்தக் காலத்தில் தெரியாதவர்கள் குறைவு. வார நாளெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமை கூடையில் சேவல்களோடு சந்தை வாசலில் உட்கார்ந்துவிடுவாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு அந்த வாசல்தான் அவள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது.

சந்தையைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் வைத்த ஆள் ஓவசியர் வைரவநாதன். அவர் சந்தையைப் பார்த்ததை யாரும் பார்த்ததில்லை; கூடைகளைத்தான் பார்ப்பார். கத்தரிக்காய் முதல் இப்றாஹீம் நானாவின் கருவாடு வரை அவர் கை படாத பொருள் இல்லை. பரிமளத்திடம் வாராவாரம் ஒரு சேவல். கொடுக்காவிட்டால் சாக்கடைப் பக்கம் போய் உட்கார வேண்டும். அங்கே ஈதான் வரும், ஆள் வராது.

ஒரு வாரம் அவள் வாயைத் திறந்துவிட்டாள். “ஐயா, புள்ளைக கஞ்சிக்கே இதுலதாங்க பாக்கணும்.”

“அப்ப அடுத்த வாரம் ரெண்டாக் கொண்டா. இல்லாட்டி ஒன்னைய வாசல்ல பாக்கக் கூடாது.”

மனிதனா அவர்! இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேலே போய்ச் சொல்லலாமே என்பீர்கள். மேலே இருந்தவர்களுக்கும் கோழிக்கறி பிடிக்கும்.

அந்த வாரம் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை வேறு யாராவது அடித்துத் தின்றால் குடும்பம் விளங்காது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஓவசியரும் மாலை மரியாதை வாங்கக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

தப்பு மேளம் முழங்கியது. பரிமளத்துக்கு அருள் வந்தது. அதற்கு முன் அவளுக்கு வந்ததே இல்லை. தலைமுடி அவிழ, கையில் வேப்பிலையோடு ஆடிக்கொண்டே நேராக ஓவசியர் முன்னால் வந்து நின்றாள்.

“எஞ் சேவல் எங்கடா?”

தப்பு நின்றது. ஓவசியருக்கு வேர்த்துவிட்டது. “எந்தச் சேவல் ஆத்தா?”

“எனக்கு நேந்த சேவல்டா! தின்னுபுட்டு என்னையே கேக்குறியா?”

“சத்தியமா எதுன்னு தெரியல ஆத்தா! பரிமளத்துகிட்ட எடுத்த செவலையா? சின்னராசாகிட்ட எடுத்த கருப்பா? பாக்கியலெட்சுமியோட வெள்ளையா? நேந்ததுன்னு தெரியாமத்தான் எல்லாத்தையும் தின்னுட்டேன்!”

பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். பூசாரி அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

“இனி எம் புள்ளைக கூடையில கைய வைப்பியா?”

“மாட்டேன் ஆத்தா!”

“வாசல்ல ஒக்காந்தவள எழுப்புவியா?”

“மாட்டவே மாட்டேன்!”

அவர் நெற்றியில் திருநீறு பூசினாள், கொஞ்சம் ஓங்கியே.

அடுத்த ஞாயிறு பரிமளம் அதே வாசலில் இருந்தாள். ஓவசியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாகவே நடந்து போனார். இப்றாஹீம் நானா மெல்லக் கேட்டார்: “ஏம்புள்ள, எந்தச் சேவலத்தான் நேந்துவிட்டிருந்த?”

“நான் ஒண்ணையும் நேரலீங்களே” என்றாள் பரிமளம், சேவலுக்குத் தண்ணீர் வைத்தபடி. “ஆத்தா சும்மா பொதுவாத்தான் கேட்டா.”