கட்டளை விளையாட்டில் கேட்ட குரல்

நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆங்கில ஆசிரியையாக நியமனம் கிடைத்தபோது, பை நிறைய விளையாட்டுகளோடுதான் பதுளையில் பஸ் ஏறினேன். படம் ஒட்டிய அட்டைகள், பெரிய பகடை, எழுத்துகள் சுற்றும் ஒரு சக்கரம். எல்லாம் பயிற்சிக் காலத்தில் நானே வெட்டி ஒட்டியவை. எங்கள் வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான். மூடுபனி பிள்ளைகளுக்கு முன்பே வந்து வாங்கில் உட்கார்ந்திருக்கும். முதல் மழைக்கே அட்டைகள் ஊறிப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு, கையில் எதுவும் தேவைப்படாத விளையாட்டுகளாகப் பார்த்து, எங்கள் பிள்ளைகளுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன்.

ஏழாம் ஆண்டுக்கு மிகவும் பிடித்துப்போனது கட்டளை விளையாட்டு. ஒருவர் முன்னால் நின்று ஆங்கிலத்தில் கட்டளையிடுவார். ‘டீச்சர் சேஸ்’, அதாவது ‘டீச்சர் சொல்கிறார்’ என்று தொடங்கினால் மற்றவர்கள் செய்ய வேண்டும். அதைச் சொல்லாமல் வெறுமனே ‘சிட் டவுன்’ என்றால் அசையக் கூடாது. அசைந்தவர் வெளியே. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றினாலும் என் வகுப்பு இலேசில் ஏமாறாது.

வருடத்தின் நடுவில் ஒரு பெண்பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தாள். அதுவரை லுணுகலையில் அத்தை வீட்டிலிருந்து படித்தவள். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் கழித்துத் திரும்பியிருந்ததால், மகளைத் தன்னோடு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு அழைத்து வந்திருந்தாள். பிள்ளை வாயே திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். ஆனால் கட்டளை விளையாட்டில் மட்டும் யாரும் அவளை முந்த முடியாது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் உடம்பு செய்து முடித்திருக்கும். கெட்டிக்காரி என்று நினைத்து, ஒருநாள் அவளையே முன்னால் நிற்கச் சொன்னேன்.

அவள் வகுப்பைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாக, பின்சுவரைப் பார்த்தாள்.

“ஸ்டாண்ட் அப்” என்றாள். “குவிக். குவிக்! நாட் லைக் திஸ். அகெய்ன். வை யூ சிட்டிங்? வை யூ க்ரையிங்? அகெய்ன்!”

அது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குரல் இல்லை. வேறு எங்கோ வளர்ந்து, வேறு ஏதோ சாப்பிட்டு, களைத்துச் சலித்த ஒரு பெரிய மனுஷியின் குரல். ‘டீச்சர் சேஸ்’ என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. விதிப்படி யாரும் அசைந்திருக்கக் கூடாது. ஆனால் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. நானும் மேசையை விட்டு எழுந்திருந்தேன் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது.

“போதும் புள்ள, வந்து உக்காரு” என்றேன். அவள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. முன்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், நாங்க எல்லாரும் அவுட்டா?”

மறுநாள் பாடசாலை விட்டதும் அவளோடு லயத்துக்குப் போனேன். பனி இறங்கி, நாலு வீட்டுக் காம்பராவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அம்மா வாசலுக்கே வந்து வரவேற்றாள். மெலிந்த, சிரித்த முகம்.

“வாங்க டீச்சர், வாங்க. இந்தப் புள்ள உங்களப் பத்தித்தான் பேசும். இருங்க, தேத்தண்ணி ஊத்திட்டு வர்றேன்.”

என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கோப்பை அலம்பும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரலும்.

“நாட் லைக் திஸ். அகெய்ன். வாஷ் அகெய்ன்.”

வானொலி என்றுதான் முதலில் நினைத்தேன். குரல் நிற்கவில்லை. ஒரே கோப்பை திரும்பத் திரும்ப அலம்பப்படுவதும் நிற்கவில்லை. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா தேத்தண்ணியோடு அதே சிரித்த முகமாய் வந்தாள்.

“சீனி போதுமான்னு பாருங்க டீச்சர்.”

“உள்ள யாரும் இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்களே. நாங்க ரெண்டு பேருதான்.”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழ வைத்தது. திரும்பும்போது பாதை வரை பிள்ளை கூட வந்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அன்றுதான் கேட்டது.

“அது அம்மா பேசல டீச்சர். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.”

பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியம் என்னோடு வந்தது. பதுளை வந்தும் இறங்கவில்லை.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் வைத்தியரும் இல்லை, பூசாரியும் இல்லை. கையில் இருந்தது விளையாட்டு ஒன்றுதான். அடுத்த பாடம் ‘இப்போது செய்துகொண்டிருப்பதை’ச் சொல்லும் வாக்கியங்கள். ஆகவே விதியை மாற்றினேன். இனி முன்னால் நிற்பவர் என்ன கட்டளையிட்டாலும் செய்யக் கூடாது. ‘நோ, மேடம்’ என்று சொல்லி, தான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் எழுந்தவர் அவுட்.

நானே மேடம் ஆனேன். “ஸ்டாண்ட் அப்!” என்றதும், முன்வாங்குக்காரி இல்லாத ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி, “நோ, மேடம். ஐ ஆம் ஈட்டிங்” என்றாள். வகுப்பு சிரித்து உருண்டது. ஒருத்தன் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தாள். புதிய பிள்ளையின் முறை வந்தது. நான் குரலை எவ்வளவோ தணித்துத்தான் சொன்னேன். இருந்தும் அவள் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன. உதடு திறந்தது, சொல் வரவில்லை. நின்றபடியே அழுதாள்.

அவளை நான் வற்புறுத்தவில்லை. மற்றவர்கள் விளையாட, அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வாரமோ மூன்று வாரமோ போயிருக்கும். ஒருநாள் அவள் வாங்கைப் பார்த்து நான் “ஸ்டாண்ட் அப்” என்றபோது, அவள் இரண்டு கையாலும் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “நோ, மேடம்” என்றாள். அப்புறம் வெகுநேரம் கழித்து, “ஐ ஆம் சிட்டிங்.”

அதற்குச் சில நாட்களுக்குப் பின் அம்மா பாடசாலைக்கு வந்தாள். இடைவேளை நேரம். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் துண்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. பிள்ளைகள் வெளியே போனதும், ஏழாம் ஆண்டின் சின்ன வாங்கில் என்னெதிரே உட்கார்ந்தாள்.

“டீச்சர், நீங்க என்னா சொல்லிக் குடுக்குறீங்க இந்தப் புள்ளைக்கு?”

கோபமாக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கோபமில்லை.

“நேத்து பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். பின்னால வந்து நின்னுக்கிட்டு, ‘நோ, மேடம். ஷி இஸ் ரெஸ்டிங்’னு சொல்லுது. யாருகிட்டடி பேசுறன்னு கேட்டேன். உங்க பின்னால நிக்கிறவங்ககிட்டன்னு சொல்லுது. எனக்குத் திரும்பிப் பாக்கப் பயமா இருந்துச்சு டீச்சர்.”

“பார்த்தீங்களா?”

“பாக்கல. கையக் கழுவிட்டு அப்பிடியே கீழ உக்காந்துட்டேன்.” பிறகு கேட்டாள்: “ரெஸ்டிங்னா என்னாங்க?”

“ஓய்வா இருக்காங்கன்னு அர்த்தம்.”

“யாரு? நானா?”

அதன் பிறகுதான் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஜன்னல் இல்லாத குசினி. அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு பெட்டி. மேல்மாடியிலிருந்து எஜமானி பேசினால் அந்தப் பெட்டியில் குரல் வரும். “அவங்க அடிக்கல டீச்சர், பொய் சொல்லக் கூடாது. பேசுவாங்க, அவ்வளவுதான். விடியக்காலையிலிருந்து பேசுவாங்க. அப்புறம் அவங்க வெளியூர் போயிருக்கையிலும் அந்தப் பொட்டி பேச ஆரம்பிச்சிருச்சு. ஊருக்கு வந்தா நின்னுரும்னு நெனச்சேன். நின்னுருச்சுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். என் வாயிலேருந்துதான் வருதுன்னு இந்தப் புள்ள சொல்லித்தான் தெரியும்.”

வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது. அதில் யாரோ ‘குவிக், குவிக்’ என்று கத்தினார்கள். அவள் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் நான் லீவு போட்டு, அவளைப் பதுளை ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். முதலில் கொடுத்த மருந்து அவளை எந்நேரமும் தூங்க வைத்தது. பிறகு அளவைக் குறைத்தார்கள். மாதங்கள் போகப் போகக் குரல் தேய்ந்தது. மழை விடாமல் பிடித்த நாட்களில் மட்டும் அடுப்படியில் கேட்கும் என்றாள் பிள்ளை. அம்மா தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கினாள். ஆட்கள் நடுவே இருந்தால் ஒன்றும் வருவதில்லையாம்.

ஒருமுறை ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்டேன். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. பிள்ளையைப் பற்றிக் கேட்டேன், பதில் சொன்னாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “டீச்சர், அவ இங்க இல்லன்னு இங்கிலீஷ்ல எப்பிடிச் சொல்றது?” என்றாள்.

“ஷி இஸ் நாட் ஹியர்.”

இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எஜமானியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் ‘அவங்க’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். ‘அவ’ என்றது எஜமானியையா, தன்னையேயா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஆங்கிலத்தில் ‘அவ’, ‘அவங்க’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

பிள்ளை இப்போது ஒன்பதாம் ஆண்டு. வகுப்பில் பேசுகிறாள், சண்டையும் போடுகிறாள். போன தவணைப் பரீட்சையில், தேத்தண்ணி தயாரிக்கும் முறையைக் கட்டளை வாக்கியங்களில் எழுதச் சொல்லியிருந்தது வினாத்தாள். எல்லாரும் ‘தண்ணீரைக் கொதிக்க வை, தூளைப் போடு’ என்று எழுதியிருந்தார்கள். அவள், ‘விரும்பினால் நீங்கள் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். விரும்பினால் நீங்கள் தூளைப் போடலாம்’ என்று ஒவ்வொரு வரியையும் எழுத்துப்பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். புள்ளித்திட்டத்தின்படி அதற்குப் புள்ளி கிடையாது. சிவப்புப் பேனாவோடு நெடுநேரம் அந்த விடையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முழுப் புள்ளியும் போட்டேன்.