உலைக்குள் கிடந்த போல்ட்டு

அந்தச் செய்தி வந்தபோது தருமபுரி பேருந்து நிலையத்தில் பாப்பாரப்பட்டி வண்டிக்காக நின்றிருந்தேன். "அப்பா போயிட்டாருங்க டீச்சர். காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதான்" என்று போனில் சொன்னாள் ஆரோக்கியசாமி சாரின் மகள் ஸ்டெல்லா. அத்தனை பேர் பார்க்க வாய்விட்டு அழுதேன். அவரோடு பழகிய நீங்களும் அழுதிருப்பீர்கள். அந்த வாரமே நம் பள்ளியின் இந்த நினைவு மலருக்காக அவரைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது வேறு.

ஒரே பள்ளியில் அவர் வரலாறு, நான் வேதியியல். இண்டூர்ப் பக்கம் சில காடுகளில் ஏர் ஓட்டினால் கறுப்புக் கசடு கட்டி கட்டியாக வரும். அந்தக் காலத்தில் அங்கே இரும்பு காய்ச்சியிருக்கிறார்கள். ஒரு கட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "நீங்க போர்டுல எழுதறத அவுங்க மண்ணுல பண்ணிருக்காங்க டீச்சர். நாமளும் பண்ணிப் பாத்துருவமா?" அவர் கேட்டு யார் மாட்டேன் என்றோம்?

கோடை விடுமுறைதோறும் அவருடைய காட்டில் மார்பளவு மண் உலை கட்டினோம். ஓடையில் ஒதுங்கும் இரும்புத்தாது கலந்த கருமணலைக் கழுவி, கரியும் மணலுமாக மாற்றி மாற்றிக் கொட்டித் துருத்தி ஊதுவோம். கரி எரிந்து எழும் வாயு மணலிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அழுக்கு கசடாக வழிய, இரும்பு உருகாமலே பஞ்சுபோலத் திரண்டு நிற்க வேண்டும். பாடத்தில் இது இரண்டு வரி. எங்களுக்கோ வந்ததெல்லாம் கசடு. "இன்னிக்கும் பட்டினிதானுங்க டீச்சர்" என்று சிரிப்பார் சார்.

எனக்குச் சிரிப்பு வராது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். "மணல மொதல்ல நெருப்புல வறுத்துட்டுப் போடலாம் சார். அப்பத்தான் வாயு உள்ள எறங்கும்."

"வறுக்கறதுக்கு அதென்ன கடலைக்காயா? இந்த ஒரு தடவ இப்படியே பாத்துரலாங்க."

அந்தத் தடவை ஊரே வந்திருந்தது. கடைசிக் கூடைக் கரி கொட்டும் நேரத்தில், "நீங்க போய் காபி குடிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். போய் வந்தேன். உலையை உடைத்தபோது கசடுக்குள் கனமாக ஒரு கட்டி; காந்தம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அதை என் கையில் கொடுத்து, "இது உங்க இரும்புங்க டீச்சர், வூட்டுல வெச்சுக்கங்க" என்றார். அதற்குப் பிறகு வறுக்கும் பேச்சை எடுத்தாலே, "அதான் வந்துருச்சே, இனி எதுக்குங்க?" என்பார். மறுபடி உலை கட்டவே இல்லை. ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வகுப்பிலும் அந்தக் கட்டியைத் தூக்கிக் காட்டி, மண்ணிலிருந்து நாங்கள் எடுத்தது என்று சொல்லியிருக்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் லேத் பட்டறை மாதேசு. "தங்கமான மனுசனுங்க. கடைசியா உலை வெச்ச அன்னிக்கு பட்டறைக்கு வந்து, டீச்சர் மொகத்தப் பாக்க முடியல மாதேசு, பழைய போல்ட்டு ஒண்ணு குடுன்னு வாங்கிட்டுப் போனாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம். இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவருடைய பட்டறைக்கே கட்டியை எடுத்துப்போய் அறுக்கச் சொன்னேன். எங்கள் உலையின் சூடு இரும்பை உருக்காது. உள்ளே போனது போனபடியே கிடக்கும். கிடந்தது. கசடுக்கு நடுவே, மரை கூடத் தேயாமல், போல்ட்டு. மாதேசு தலையைக் குனிந்துகொண்டார்.

இரக்கப்பட்டாராம்! யார் கேட்டது அந்த இரக்கத்தை? கசடு வந்ததற்காக நான் செத்தா போய்விடுவேன்? இன்னும் ஒரே தடவை வறுத்துப் பார்த்திருப்பேன். அந்த ஒரு தடவையைத்தான் சார் எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டார். என் வாயாலேயே பிள்ளைகளுக்குப் பொய்யும் சொல்ல வைத்தார். சண்டை போடலாம் என்றால் ஆளும் இல்லை.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன், அதே காட்டில் உலை கட்டிக்கொள்ளச் சொன்னாள். மணலை வறுத்து வைத்துவிட்டேன். கடைசிக் கூடைக் கரியை நான்தான் கொட்டுவேன். வந்தது கசடு என்றால் கசடு என்றே சொல்வேன்; வருகிறவர்கள் வரலாம்.

அந்தப் போல்ட்டை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று போன வாரம் கல்லறைக்குப் போனேன். சிலுவைக்குக் கீழே வைத்தும்விட்டேன். பத்தடி நடந்திருப்பேன், மனசு கேட்கவில்லை. என் இரும்பு என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.