சித்தப்பா சொன்ன முடிவு

புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்தால் 'பர்ர்' என்று ஒரு சத்தம் வரும். கூடவே சாணித்தாளும் மையும் பசையும் கலந்து, லேசாகப் புளித்த மாவைப் போல ஒரு வாடை கிளம்பும். மற்ற வீடுகளில் மாதம் பிறந்தது காலண்டர் தாளைக் கிழிக்கும்போது தெரியும் என்றால், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அது பேய்க்கதையைக் கிழிக்கும்போதுதான் தெரியும். அப்பா, பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் மாத நாவலை வாங்கி வருவார், சைக்கிளை நிறுத்திய கையோடு அதை முட்டியில் வைத்து அழுத்திச் சரிபாதியாகக் கிழிப்பார், முன்பாதியைத் தான் வைத்துக்கொண்டு பின்பாதியைச் சித்தப்பாவிடம் நீட்டுவார்.

காரணம் எளிது. அண்ணன் தம்பி இருவருக்குமே பொறுமை கிடையாது. ஒருவர் படித்து முடிக்கும்வரை மற்றவர் சும்மா இருப்பதென்பது நடக்காத காரியம். இரண்டாக வாங்கிவிட்டால் என்ன என்று அம்மா கேட்டால், "ஒரு வூட்டுக்கு ரெண்டு பேயி எதுக்கு?" என்று அப்பா மடக்கிவிடுவார். மூத்தவர் என்பதால் முன்பாதி அவருக்கு. சித்தப்பா எந்தக் கதையையும் நடுவிலிருந்து படிக்கத் தொடங்கி, முடிவைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆரம்பத்துக்கு வந்தார். "கொன்னவன் யாருன்னு தெரிஞ்சிபோச்சி, செத்தவன் யாருன்னுதான் தெரியல" என்று அவர் தலையைச் சொறிந்துகொள்ளும்போது வீடே சிரிக்கும்.

ஆனால் இதில் ஒரு சட்டம் இருந்தது. முடிவு முதலில் தெரிந்துவிடுகிற சித்தப்பா, அப்பா அந்த இடத்துக்கு வந்துசேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோத்து வரும் கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால், பகல் முழுவதும் இருவரும் ஒரே தறியில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா உடலுக்கு ஊடுநூல் நாடாவை விட, சித்தப்பா ஓரத்தில் கரை நாடாவைப் போடுவார். நெய்துகொண்டே அப்பா ஓரக்கண்ணால் தம்பியின் முகத்தைப் பார்ப்பார், ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று. சித்தப்பா முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். இருவரும் படித்து முடித்த பிறகு இரண்டு பாதியையும் சித்தி வாங்கி, மிச்சம் விழுந்த பட்டு நூலைக் கோணி ஊசியில் கோத்துத் தைத்து வைப்பாள். அந்த மாதம் தறியில் அரக்கு என்றால் புத்தக முதுகிலும் அரக்கு. மாம்பழ மஞ்சள் என்றால் அதிலும் மஞ்சள். எங்கள் வீட்டுப் பேய்கள் எல்லாம் பட்டு உடுத்தியவை.

அந்த எழுத்தாளரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். எங்கள் வீட்டில் அவருக்குப் 'பேய்க்காரர்' என்றுதான் பெயர். மாதம் பிறந்தால் இரண்டு மூன்று புத்தகங்களாவது அவர் பெயரில் கயிற்றில் தொங்கும். ஒரு சேலையை நெய்து அறுப்பதற்குள் அவர் எத்தனை பேரைக் கொன்று எத்தனை ஆவியைக் கிளப்பிவிடுகிறார் என்று நெசவாளிகளுக்கே உரிய மரியாதையோடு பேசிக்கொள்வார்கள். பேச்சு அதோடு நிற்காது, பழைய புத்தகங்களா புதிய புத்தகங்களா என்கிற வழக்குக்குப் போய்விடும்.

"முன்ன எழுதினதுல பேயி கடைசி வரைக்கும் கண்ணுல படாதுபா, ஆனா வவுத்த கலக்கும். இப்ப மொதப் பக்கத்துல ரத்தம், கடைசிப் பக்கத்துல ஜீப்பு. போலீஸ் வந்து புடிச்சிக்கினு போற பேயெல்லாம் ஒரு பேயா?" என்பார் அப்பா.

"காலத்துக்குத் தக்க மாத்திக்கினு வர்றாருண்ணா. நீ இன்னும் அரிக்கேன் வெளக்குலயே தொங்கிக்கினு இருக்கற. இப்ப பேயி டெலிபோன்ல பேசுது."

"பேசட்டும். பில்லு யாரு கட்டுறது?"

இத்தனைக்கும் அப்பா சரியான பயந்தாங்கொள்ளி. கரப்பான் பூச்சி பறந்தாலே எழுந்து நிற்பவர். பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருக்கும் தைரியத்தில்தான் அவர் அத்தனை ஆவிகளையும் சமாளித்தார் என்பது அம்மாவின் கட்சி. "தம்பி உள்ளான் படைக்கு அஞ்சான்னு சொல்லுவாங்க, இவரு பேய்க்கும் அஞ்ச மாட்டாரு" என்று சீண்டுவாள்.

சித்தப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். தாத்தா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, தறியில் கரை நாடா போட ஆள் இல்லாமல், நான்காம் வகுப்பில் இருந்த அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி உட்கார வைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் பள்ளி இறுதி வகுப்புவரை படித்து முடித்துவிட்டுத் தறிக்கு வந்தார். வீட்டில் யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை. எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குப் படிப்பு சரளமானதே பேய்க்காரர் தயவில்தான்.

நான் ஏழாவது படித்த வருடம், மைத்துனர் பிள்ளைக்குக் காது குத்து என்று சித்தப்பாவின் மாமனார் வீட்டிலிருந்து தட்டோடு அழைக்க வந்தார்கள். சித்தப்பா கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். அப்பா உள்ளறையில், கரை நாடாவுக்கு அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு தறியில் இருந்தார், நடுவில் மறைப்பாக ஒரு மரத்தட்டிதான். சித்தப்பாவின் கையில் பின்பாதி இருப்பதைப் பார்த்த அவர் மாமியார், என்ன கதை என்று கேட்டுவிட்டார். 

மலையூரில் ஒரு பழைய பங்களாவுக்குக் குடிவரும் டாக்டர். தினமும் இருட்டியதும் கதவைத் தட்டிக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருந்து கேட்கும் ஒரு வெள்ளைப் புடவைக்காரி. திறந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள், காலையில் மருந்துப் பாட்டில் மட்டும் காலியாக இருக்கும். இவ்வளவும் முன்பாதி, அப்பா சொல்லி எங்களுக்கே தெரியும். சித்தப்பா அதைச் சொல்லிவிட்டு நிறுத்துவார் என்று பார்த்தால், மாமியார் விடவில்லை. "அப்புறம்? யாரு அந்தப் பொம்பள?"

சித்தப்பா ஒரு நிமிடம் மரத்தட்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார். அந்தப் பெண் இறந்து வெகுகாலமாகிறது. குழந்தை சாகவில்லை, வளர்ந்து கிழவனாகி, அதே பங்களாவில் காவல்காரனாக இருக்கிறது. தினமும் மருந்தோடு ஓடிவரும் தாய் சின்னக் குழந்தையைத் தேடுகிறாள், வாசலில் நிற்கிற கிழவனைத் தாண்டிப் போய்விடுகிறாள். அவனுக்குத் தெரியும் அவள் யார் என்று. தான் போய்விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை என்பதற்காக எங்கும் போகாமல் அந்த வாசலிலேயே கிடக்கிறான்.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் உள்ளே தறிச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தோம். அப்பா வெளியே வந்தார். அவ்வளவு கோபத்தில் நான் அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"நாலாவதத் தாண்டாதவன் பாதியிலருந்துதான் படிப்பான். இவன் எத முழுசா முடிச்சிருக்கறான்?"

மாமனார் வீட்டார் எதிரில், தட்டில் பூவும் பழமும் இருக்க, அப்பா சொன்ன வார்த்தை இதுதான். சித்தப்பா வந்தவர்களுக்குச் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தார், தெருமுனைவரை போய் வழியனுப்பினார். அந்த வாரமே சின்ன காஞ்சிபுரத்தில், மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துச் சித்தியோடு போய்விட்டார். பேய்க்கதைக்குப் பாகம் பிரிந்த வீடு என்று தெருவே எங்களைச் சொல்லிச் சிரித்தது. "நெல்லக் கொட்டினா அள்ளிடலாம், சொல்லக் கொட்டினா அள்ள முடியுமா?" என்று அம்மா மட்டும் வெகுநாள் முனகிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகத்தின் முன்பாதி எங்கள் பரணில் கிடந்தது. பின்பாதி சித்தப்பாவோடு போய்விட்டது. அப்பா தறிக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார், மாதா மாதம் முழுப் புத்தகம் வாங்கினார். ஆனால் பாதிக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் மூடி வைத்துவிட்டுத் தலையைத் தூக்குவார், பக்கத்தில் இருப்பவன் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிற பையன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

வைகாசியில் கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் எங்கள் பக்கம் எழுந்தருளும்போது, கூட்டத்தோடு கூட்டமாகச் சித்தப்பாவும் வருவார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். உடனே இருவரும் பெருமாளைப் பார்த்துக் கும்பிடத் தொடங்கிவிடுவார்கள். "பெருமாளே அங்கிருந்து இங்க வந்துட்டுப் போறாரு, இவங்களுக்கு இன்னா கால் வலிக்குதா?" என்பாள் அம்மா. நல்லது கெட்டதுகளில் பார்த்துக்கொண்டார்கள், பிள்ளைகள் நாங்கள் போக்குவரத்தாக இருந்தோம், ஆனால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. போன ஐப்பசி மழையில் சித்தப்பா காலமானார். அப்பா போனார், மாலை போட்டார், காலடியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வீட்டுக்கு வந்து தலை முழுகியவர், சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

நான் இப்போது ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். கைப்பேசியில் பேய்க்காரரின் வாசகர்கள் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். அவர் இன்னும் எழுதுகிறார். இவர்களும் இன்னும் அதே வழக்கைத்தான் பேசுகிறார்கள், பழையதா புதியதா என்று. வேடிக்கை என்னவென்றால், அப்பா அன்றைக்குப் 'புதுசு' என்று தள்ளிய புத்தகங்களெல்லாம் இவர்களுக்கு 'அந்தக் காலத்துப் பொக்கிஷம்' ஆகிவிட்டன. போன மாதம் ஒருவர் அந்த மலையூர்க் கதையின் அட்டையைப் போட்டு, யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். எனக்கா நினைவிருக்காது? முடிவை அப்படியே எழுதினேன்: தாய், கிழவனான பிள்ளை, வாசல்.

வரிசையாகப் பதில் வந்தது. "வேற ஏதோ கதையோட குழப்பிக்கறீங்க அக்கா." "இதுல அப்படி ஒண்ணும் வராதே." நான் விடவில்லை, என் சித்தப்பா படித்தார், எனக்குத் தெரியும் என்று சண்டைக்கே போனேன். கடைசியில் ஒருவர் பொறுமையாகக் கடைசிப் பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டார். காவல்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கதவைத் தட்டியதே அவன்தான். பங்களாவுக்குப் பின்னால் கஞ்சா பயிரிட்டிருந்தான். டாக்டர் டார்ச் அடிக்கிறார், இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டுகிறார், ஜீப் புறப்படுகிறது. முற்றும்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மரத்தட்டியைப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தில் சித்தப்பா என்ன செய்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. மாமியார் கேட்கிறார், சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணன் காதில் விழும், சொல்லவும் கூடாது. சட்டத்தை மீறாமல் இருக்க, உட்கார்ந்த இடத்தில் வேறொரு முடிவைக் கட்டிவிட்டார். அதற்காகத்தான் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டார். சும்மாதான் சொன்னேன் அண்ணா என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த வார்த்தைக்குப் பிறகு அவருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் அழுகை வந்தது.

அன்று மாலை பேருந்து நிலையத்தில் இறங்கியபோது அந்தக் கடையைப் பார்த்தேன். கயிறு இருக்கிறது, கிளிப்பும் இருக்கிறது, கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. பேய்க்காரரின் புதிய நாவல்கள் இப்போது கைப்பேசிக்குள்ளேயே வருகின்றன. ஒருவர் படிப்பதைப் பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டியதில்லை, பங்கு போட வேண்டியதும் இல்லை. சித்தி தைத்த பட்டு முதுகுப் புத்தகங்களைப் பரணில் செல்லரித்துவிட்டது.

அப்பா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், குழுவில் நான் எழுதிய முடிவையும் பதிலுக்கு வந்த பக்கங்களையும் திறந்து கைப்பேசியையே அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பக்கத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கடைசி வரிவரை படித்தார்.

"ஜீப்பு வந்துட்டுதா" என்றார். கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அவன் சொன்னதுதாம்மா நல்லா இருக்குது. தறியில ஒக்காந்துக்கினு கேட்டேன், கண்ணுல தண்ணி வந்துட்டுது எனக்கு. இத நான் படிச்சி அழுதிருக்கணும், இவன் முன்னாடியே சொல்லிட்டானேன்னுதான் கோவம்" என்றார்.

"அங்க போடு" என்றார் திடீரென்று. "அந்த முடிவு புத்தகத்துது இல்ல, அவனுதுன்னு போடு. கு. ஏகாம்பரம்னு பேரு போடு."

"ஊர்?" என்று கேட்டேன். சித்தப்பா தன் காலத்தில் பாதிக்குமேல் சின்ன காஞ்சிபுரத்தில்தான் இருந்தார்.

"பிள்ளையார்பாளையம்."

அப்படியே போட்டேன். உடனே பதில்கள் வரத் தொடங்கின. புத்தகத்தின் முடிவைவிட இது மேல் என்று சிலர், பேய்க்காரரின் பழைய எழுத்தே இப்படித்தான் இருக்கும் என்று சிலர். ஒவ்வொன்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிலவற்றை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். கடைசியாக ஒருவர், யார் இந்த ஏகாம்பரம், வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் என்று கேட்டிருந்தார்.

"இன்னா கேக்குறாங்க?"

சொன்னேன். அப்பா ராட்டையின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எழுதலன்னு போடும்மா. நாங்கதான் அவன நாலாவதோட நிறுத்திட்டோம்னு போடு."